பாவோ நூர்மி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் நடக்கும் வருஷங்களில் மட்டும் இந்தப் பெயர் எங்கேயாவது ஒரு பட்டியலில் வரும், அப்புறம் காணாமல் போய்விடும். ஃபின்லாந்தின் நெடுந்தூர ஓட்டக்காரர் பாவோ நூர்மியைப் பற்றி எழுதும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்; அந்த இடங்களில் சுருக்கினால் மனுஷனுக்கே அநியாயம் செய்ததாகிவிடும்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1897 ஜூன் 13 அன்று ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில் பிறந்தார், 1973 அக்டோபர் 2 அன்று ஹெல்சின்கியில் இறந்தார். 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் மொத்தம் 12 பந்தயங்களில் பதக்கம்: 9 தங்கம், 3 வெள்ளி. அதாவது ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி எதில் ஓடினாலும் இரண்டாம் இடத்துக்குக் கீழே அவர் போனதே கிடையாது. தடகளத்தில் 9 தங்கம் என்ற எண்ணிக்கையை அவருக்குப் பிறகு எட்டிப் பிடித்தவர் அமெரிக்காவின் கார்ல் லூயிஸ் மட்டும்தான். 1,500 மீட்டரிலிருந்து 20 கிலோமீட்டர் வரை 22 அதிகாரபூர்வ உலக சாதனைகள் அவர் பெயரில் இருந்தன.

வீட்டில் வசதியா?

கிடையவே கிடையாது. அவரைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அப்பா தச்சர். பாவோவுக்கு 12 வயது இருக்கும்போது, 1910-இல், அப்பா இறந்துபோனார். வீட்டில் அம்மாவும் தம்பி தங்கைகளும். ஒரு அறையும் சமையலறையும் இருந்த வீட்டில் சமையலறையை இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, இவர்கள் எல்லோரும் அந்த ஒரே அறையில் இருந்தார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் பள்ளியை விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் எடுபிடி வேலைக்குப் போனான். ரொட்டிச் சரக்கு ஏற்றிய கைவண்டியைத் துர்க்கு ரயில் நிலையத்துப் பக்கமுள்ள மேட்டில் தள்ளிக்கொண்டு போகிற வேலை. முதுகுக்கும் காலுக்கும் பலம் வந்தது அங்கேதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதை ஒரு பயிற்சிக் கதையாக மட்டும் படித்துவிடாதீர்கள். 12 வயதுப் பையன் குடும்பத்துக்காக வண்டி தள்ளினான், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவர் காசு விஷயத்தில் எவ்வளவு கறாராக இருந்தார், வேகத்தையும் நேரத்தையும் எப்படி எண்ணி எண்ணிச் செலவு செய்தார் என்பதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை.

ஓட்டத்தில் ஆசை எப்படி வந்தது?

ஹான்னஸ் கோலேமைனன் என்ற ஒருவரால். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், கிராஸ் கன்ட்ரி (ட்ராக்கை விட்டு வெளியே கரடுமுரடான பாதையில் ஓடுவது) என்று மூன்று தங்கம் வாங்கியவர். 5,000 மீட்டரில் பிரான்சின் ழான் பூவானை அவர் ஜெயித்தது வெறும் 0.1 விநாடியில், 14 நிமிடம் 36.6 விநாடி, அந்தத் தூரத்தை 15 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பந்தயம் அது. அப்போது ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழே இருந்தது, அதனால் கோலேமைனன் ஜெயித்தபோதும் கம்பத்தில் ஏறியது ரஷ்யக் கொடி. தன் நாட்டுக்கென்று கொடியே இல்லாத ஒரு ஜனத்துக்கு அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். 15 வயது நூர்மி சில நாளிலேயே தன் முதல் ஜோடி ஓட்டக் காலணியை வாங்கினார். கோலேமைனன் சைவம் என்பதால் இவரும் சைவமானார். காபி, டீ, மது எதுவும் தொடவில்லை. ஆறு வருஷம் போல அப்படியே இருந்தார். 1914-இல் துர்க்குவில் ஒரு விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்தார்.

ராணுவத்தில் ஏதோ சந்தேகப்பட்டார்கள் என்கிறார்களே?

ஆமாம், 1919-இல் கட்டாய ராணுவ சேவைக்குப் போனபோது நடந்தது. துப்பாக்கி, தோட்டா வார், மணல் நிரப்பிய 5 கிலோ முதுகுப்பை எல்லாவற்றோடும் 20 கிலோமீட்டர் நடைப் போட்டி. மற்றவர்கள் நடந்தார்கள், ஓடவும் அனுமதி உண்டு என்பதால் இவர் முழுத் தூரமும் ஓடினார். அவர் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்து, நடுவில் குறுக்கு வழியில் வந்துவிட்டானோ என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். ராணுவத்தில் இருந்த காலத்தில் பயிற்சிக்கு நேரமும் கிடைத்தது, வேளாவேளைக்குச் சாப்பாடும் கிடைத்தது.

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தோற்றாரா, ஜெயித்தாரா?

இரண்டும். 5,000 மீட்டரில் பிரான்சின் ஜோசப் கிய்மோவிடம் தோற்றார். கிய்மோ முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கிப் பிழைத்தவர், இதயம் வலப்பக்கம் அமைந்திருந்த மனிதர் என்றும் சொல்வார்கள். நூர்மி ஆரம்பத்தில் கண்மண் தெரியாமல் வேகமாக ஓடிவிட்டு, கடைசிச் சுற்றில் சக்தியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விநாடிக்கு மேல் வித்தியாசம். மூன்று நாள் கழித்து 10,000 மீட்டரில் அதே கிய்மோவைக் கடைசிச் சுற்றில் முந்தினார். அந்தப் பந்தயத்தைச் சாயங்காலத்திலிருந்து மதியத்துக்கு மாற்றியிருந்தார்கள். கிய்மோ அப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார், பந்தயம் முடிந்த கையோடு நூர்மியின் காலணி மேலேயே வாந்தி எடுத்தார். கிராஸ் கன்ட்ரியில் தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் சேர, 3 தங்கம், 1 வெள்ளி. முதல் ஒலிம்பிக்குக்கு இது தாராளம், ஆனால் அவர் மனதில் தங்கியது அந்த வெள்ளிதான்.

கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓடினார் என்பது உண்மையா?

உண்மை. படங்களிலேயே பார்க்கலாம், வலது கைக்குள் இருக்கும்.

அந்தக் காலத்தில் நெடுந்தூரப் பந்தயம் என்றால் பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து ஓடுவது. அவன் வேகமெடுத்தால் நீயும் எடு, அவன் தளர்ந்தால் நீயும் மூச்சு வாங்கு. நூர்மி இந்தப் பழக்கத்தையே விட்டார். ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, சுற்று முடியும்போது கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்சம் அதிகமானால் குறைத்து, குறைந்தால் கூட்டி, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடினார். கூட ஓடுகிறவர்கள் அவரைச் சீண்டிப் பார்ப்பார்கள், திடீரென்று 20 மீட்டர் முன்னால் பாய்வார்கள். இவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அதே வேகத்தில் வந்துகொண்டிருப்பார், ரெண்டு மூணு சுற்றுக்கு அப்புறம் பாய்ந்தவர்கள் தாங்களாகவே பின்னால் வந்துவிடுவார்கள். கடைசிச் சுற்று நெருங்கியதும் கடிகாரத்தை உள்பக்கப் புல்வெளியில் போட்டுவிட்டு வேகமெடுப்பார். அவர் கையிலிருந்து கடிகாரம் விழுகிறதென்றால் பந்தயம் முடிந்தது என்று அர்த்தம்.

இதைப் பார்த்துச் சிலர் இயந்திரம் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உடம்பில் இருக்கிற சக்தி இவ்வளவுதான், அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்கிற அதிகாரத்தை எதிராளியிடம் கொடுக்க மாட்டேன் என்கிற பிடிவாதம் அது. இன்றைக்கு ட்ராக் ஓரத்தில் எரியும் வேகவிளக்கைப் பார்த்து ஓடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். அவருக்கு விளக்கு கிடையாது, வேகம் கொடுக்கக் கூட ஓட ஆளும் பெரும்பாலும் கிடையாது.

பயிற்சி எப்படி?

ஆரம்ப வருஷங்களில் நீண்ட நடையும் மெதுவான ஓட்டமும்தான் அதிகம். வேகப் பயிற்சி போதவில்லை என்று பின்னாளில் அவரே தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். 1924-க்கு முந்தைய காலத்தில் அதை மாற்றினார். காலையில் நீண்ட நடை, அதன் நடுவில் சின்னச் சின்ன வேக ஓட்டங்கள். பிறகு ட்ராக்கில் நேரம் பார்த்துச் சில ஓட்டங்கள். சாயங்காலம் காட்டுப் பாதையில் இன்னொரு ஓட்டம். தினமும் இரண்டு மூன்று தடவை பயிற்சி என்பது அன்று பலருக்கு ஆச்சரியமாக இருந்தது, உடம்பு கெட்டுவிடும் என்று எச்சரித்தவர்களும் உண்டு. பயிற்சியாளர் என்று யாரும் பக்கத்தில் நிற்கவில்லை, எல்லாம் தானே செய்து பார்த்து, எழுதி வைத்து, திருத்திக்கொண்டது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1921-இல் 10,000 மீட்டர் உலக சாதனை, 1922-இல் 2,000, 3,000, 5,000 மீட்டர் சாதனைகள், 1923-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு மைலுக்கு 4 நிமிடம் 10.4 விநாடி. மைல், 5,000, 10,000 ஆகிய மூன்று சாதனைகளையும் ஒரே சமயத்தில் வைத்திருந்தவர் இவருக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு ஒலிம்பிக் தங்கமா? நம்பலாமா?

நம்பலாம். 1924 ஜூலை 10, பாரிஸ், கொலோம்ப் மைதானம்.

பாரிஸ் அட்டவணையில் முதலில் 1,500 மீட்டர் இறுதிக்கும் 5,000 மீட்டர் இறுதிக்கும் நடுவில் அரை மணி நேரம்தான் விட்டிருந்தார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் ஆட்சேபித்த பிறகு அது 55 நிமிடமானது. நூர்மி என்ன செய்தார் என்றால், மூன்று வாரம் முன்னால், ஜூன் 19 அன்று ஹெல்சின்கியில் இதற்கு ஒத்திகை பார்த்தார். 1,500 மீட்டரை 3 நிமிடம் 52.6 விநாடியில் ஓடினார், உலக சாதனை. ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வந்து 5,000 மீட்டரை 14 நிமிடம் 28.2 விநாடியில் ஓடினார், அதுவும் உலக சாதனை. ஒத்திகையிலேயே!

பாரிஸில் 1,500 மீட்டரை ஆரம்பத்திலேயே வேகமாக எடுத்து மற்றவர்களை உடைத்தார். மூன்றாவது சுற்றிலேயே அவரோடு ஒட்டிக்கொண்டு வர யாரும் மிச்சமில்லை. கடிகாரத்தைப் புல்லில் போட்டார், கடைசியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே 3 நிமிடம் 53.6 விநாடியில் முடித்தார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நிற்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கவில்லை, தன் உடுப்பை எடுத்துக்கொண்டு நேராக உடை மாற்றும் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

5,000 மீட்டருக்கு மறுபடி வந்து நின்றபோது, அவருடைய சொந்த நாட்டுக்காரர் வில்லே ரித்தோலாவும் சுவீடனின் எட்வின் வீடேவும் களைத்திருக்கும் அவரை அங்கேயே முடித்துவிடலாம் என்று ஆரம்பத்திலிருந்தே கடுமையான வேகம் கொடுத்தார்கள். நூர்மி கடிகாரத்தைப் பார்த்தார், தன் வேகத்தை மாற்றவில்லை. பாதித் தூரத்துக்குள் அவர்களைப் பிடித்தார். அப்புறம் கடைசி வரை ரித்தோலா பின்னாலேயே வந்தார், கடைசி நேராட்டத்தில் முந்தப் பார்த்தார், நூர்மி தேவையான அளவு மட்டும் வேகமெடுத்தார்: 14 நிமிடம் 31.2, ரித்தோலா 14 நிமிடம் 31.4. வித்தியாசம் 0.2 விநாடி.

அந்த வெயிலில் நடந்த கிராஸ் கன்ட்ரி?

அது அடுத்த அடுத்த நாள், ஜூலை 12. இதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது என்கிறார்கள். 10.65 கிலோமீட்டர், நிழலே இல்லாத கரடுமுரடான பாதை, பக்கத்தில் ஒரு மின்நிலையத்திலிருந்து வந்த புகை. 38 பேர் கிளம்பினார்கள், 15 பேர்தான் முடித்தார்கள். மற்றவர்கள் வழியில் விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள், திசை தெரியாமல் சுற்றினார்கள். சுவீடனின் எட்வின் வீடே மயங்கி விழ, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விழுந்து கிடந்தவர்களைத் தேடிச் செஞ்சிலுவைக்காரர்கள் பாதை முழுக்க அலைந்தார்கள்.

நூர்மி மைதானத்துக்குள் வந்தபோது ஒன்றுமே நடக்காதது போல இருந்தார். 32 நிமிடம் 54.8 விநாடி. இரண்டாவது வந்த ரித்தோலா ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பின்னால். ஆனால் அணித் தங்கத்துக்கு மூன்றாவது ஃபின் ஒருவர் வந்தாக வேண்டும். அவர் ஹெய்க்கி லீமத்தைனன். மைதானத்துக்குள் தள்ளாடி வந்தவர் எல்லைக்கோட்டுக்கு 30 மீட்டர் முன்னால் நின்றுவிட்டார், திரும்பி வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். பார்த்தவர்கள் கத்தினார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்று, என்ன ஏது என்று புரிந்துகொண்டு, மறுபடி திரும்பி மெதுவாக நடந்து கோட்டைத் தாண்டினார். 12-ஆம் இடம், அணிக்குத் தங்கம். அந்தத் தங்கத்தை நூர்மி கணக்கில் எழுதுகிறோம், அதில் இந்த மனுஷன் நடந்த 30 மீட்டரும் இருக்கிறது என்று சொல்லாமல் விடக்கூடாது.

இதற்கு அப்புறம் கிராஸ் கன்ட்ரியையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் நூர்மி 3,000 மீட்டர் அணிப் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வந்தார். நான்கு நாளில் ஐந்து தங்கம்.

அப்படியென்றால் 10,000 மீட்டரில் ஏன் ஓடவில்லை?

ஓட விடவில்லை. இத்தனை பந்தயத்துக்கு மேல் அதுவும் வேண்டாம், உடம்பு தாங்காது என்று ஃபின்லாந்து அதிகாரிகளே அவர் பெயரைக் கொடுக்கவில்லை. ரித்தோலா 30 நிமிடம் 23.2 விநாடி என்ற உலக சாதனையோடு அந்தத் தங்கத்தை வாங்கினார். அதே நேரத்தில் நூர்மி பயிற்சி மைதானத்தில் தனியாக ஓடி அதைவிட வேகமாக முடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது; கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்னவென்றால், ஆகஸ்ட் 31 அன்று குவோப்பியோ நகரத்தில் 30 நிமிடம் 6.2 விநாடியில் ஓடினார். ரித்தோலாவின் நேரத்தில் 17 விநாடி குறைத்தார். அந்தச் சாதனை 1937 வரை நின்றது. அதிகாரிகளுக்கு அவர் சொன்ன பதில் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரித்தோலாவையும் சும்மா விட முடியாது. அமெரிக்காவில் தச்சு வேலை பார்த்தவர், அந்தப் பாரிஸிலேயே 4 தங்கம், 2 வெள்ளி வாங்கினார். நூர்மி காலத்தில் பிறந்ததால் பெயர் மறைந்துபோனவர்.

அமெரிக்கப் பயணம்?

1925-இல் ஐந்து மாதத்தில் 55 பந்தயங்கள், 51 வெற்றி. உள்ளரங்கு ட்ராக் அவருக்கு முற்றிலும் புதுசு, ஆனால் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் நாளே உள்ளரங்கு உலக சாதனைகள். அதிபர் கூலிட்ஜ் அழைத்துப் பேசினார். மே மாதம் யாங்கி ஸ்டேடியத்தில் அரை மைல் பந்தயத்தில் ஆலன் ஹெல்ஃப்ரிச் என்ற அமெரிக்கரிடம் தோற்றார், அரை மைல் அவருடைய தூரமும் அல்ல. இந்தப் பயணத்துக்கு அப்புறம் பழைய நூர்மி முழுதாகத் திரும்பி வரவில்லை என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன். அவர் கணக்குக்கு மேல் காசு வாங்கிவிட்டார் என்ற முணுமுணுப்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

1928-இல் தண்ணீரில் விழுந்தாராமே?

ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக், 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் தகுதிச் சுற்று. ஸ்டீபிள்சேஸ் என்றால் வழியில் வைத்த தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் பந்தயம். தண்ணீர்க் குழியைத் தாண்டும்போது விழுந்தார், பிரான்சின் லூசியன் துகென் ஓட்டத்தை நிறுத்தி அவரைத் தூக்கிவிட்டார். யாரிடமும் ஒட்டாதவர், ஈவிரக்கமில்லாதவர் என்று பெயர் வாங்கிய நூர்மி அப்புறம் துகெனைப் பக்கத்திலேயே கூட்டிக்கொண்டு ஓடினார், முன்னால் போனவர்களை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள், கடைசியில் முதலிடத்தை நீ எடுத்துக்கொள் என்று விட்டுக்கொடுக்கவும் பார்த்தார். துகென் மறுத்துவிட்டார்.

இறுதியில் தொய்வோ லௌகோலாவுக்குத் தங்கம், நூர்மிக்கு வெள்ளி, வெண்கலமும் ஃபின்லாந்துக்கே. 5,000 மீட்டரில் ரித்தோலா இந்த முறை ஜெயித்தார். 10,000 மீட்டரில் ரித்தோலாவைக் கடைசியில் முந்தி நூர்மி தன் ஒன்பதாவது, கடைசித் தங்கத்தை வாங்கினார். அப்போது வயது 31. அதே அக்டோபரில் பெர்லினில் ஒரு மணி நேரத்தில் 19,210 மீட்டர் ஓடி இன்னொரு உலக சாதனையும் செய்தார்.

ஏன் தடை செய்தார்கள்?

அன்றைய விதிப்படி தடகள வீரர் என்றால் அமெச்சூர். ஓட்டத்தால் ஒரு பைசா சம்பாதிக்கக்கூடாது. பயணப்படி, தங்கும் செலவு மட்டும் வரையறுத்த அளவுக்கு வாங்கலாம். நூர்மி வந்தால் டிக்கெட் விற்கும், மைதானம் நிரம்பும், ஏற்பாட்டாளர்கள் லாபம் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தை இழுத்தவன் மட்டும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்பா சொத்து இருக்கிறவனுக்கு இந்த விதியால் ஒரு கஷ்டமும் இல்லை. 12 வயதில் வண்டி தள்ளியவனுக்கு? நூர்மி வாங்கினாரா என்றால், வாங்கியிருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். அன்று பெரிய பெயர் எடுத்த பலரும் மேசைக்கு அடியில் வாங்கினார்கள். ஆனால் பிடிபட்டவர் இவர். 1931 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியில் ஓடியதற்கு அனுமதித்ததைவிட அதிகப் படி வாங்கினார் என்று குற்றச்சாட்டு. சுவீடன்காரர் சிக்ஃபிரிட் எட்ஸ்ட்ரம் தலைமையில் இருந்த சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 1932 ஏப்ரலில் அவரை இடைநீக்கம் செய்தது.

அந்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் மாரத்தான் ஓட வேண்டும் என்று அவர் தயாராகிக்கொண்டிருந்தார். கோலேமைனன் 1920-இல் மாரத்தான் தங்கம் வாங்கினார் அல்லவா, அதுபோலத் தானும் மாரத்தானோடு முடிக்க ஆசை. ஜூன் 26 அன்று வீப்புரியில் நடந்த தேர்வுப் பந்தயத்தில் 40.2 கிலோமீட்டரை 2 மணி 22 நிமிடம் 3.8 விநாடியில் ஓடினார். இரண்டாவதாக வந்த அர்மாஸ் தொய்வோனன் ஆறு நிமிடம் பின்னால். தடை எப்படியும் நீங்கும் என்று நம்பிக் கப்பலேறி, லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போய், ஒலிம்பிக் கிராமத்தில் பயிற்சியும் செய்தார். நீங்கவில்லை. மாரத்தானில் ஓடவிருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அவரை அனுமதிக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள், அதையும் கேட்கவில்லை. அர்ஜென்டினாவின் சபாலா 2 மணி 31 நிமிடம் 36 விநாடியில் ஜெயித்தார். வீப்புரியில் ஆறு நிமிடம் பின்னால் வந்த அதே தொய்வோனனுக்கு வெண்கலம். வீப்புரி வேகத்திலேயே மீதி இரண்டு கிலோமீட்டரையும் நூர்மி ஓடியிருந்தால் சுமார் 2 மணி 29 நிமிடம் வரும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஃபின்லாந்துக்காரர்கள் சுவீடனை இதற்காக மன்னிக்கவே இல்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் நடக்கும் தடகளப் போட்டியை நிறுத்தினார்கள், 1939-இல்தான் மறுபடி நடந்தது. உள்நாட்டில் மட்டும் அவரை அமெச்சூராக ஏற்று ஓட விட்டார்கள். 1934 செப்டம்பரில் வீப்புரியில் 10,000 மீட்டரை ஜெயித்துவிட்டு ஓட்டத்தை நிறுத்தினார்.

அப்புறம் என்ன செய்தார்?

சம்பாதித்தார், நன்றாகவே. ஹெல்சின்கியில் ஆண்களுக்கான துணிக்கடை வைத்தார், கட்டட ஒப்பந்தக்காரராகப் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார், பங்குச் சந்தையிலும் பணம் போட்டார். ஃபின்லாந்து ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1936 பெர்லினில் 10,000 மீட்டரின் மூன்று பதக்கமும் ஃபின்லாந்துக்கு வந்ததில் அவர் பங்கு உண்டு. 1939-இல் சோவியத் ஒன்றியம் ஃபின்லாந்தைத் தாக்கியபோது, 10,000 மீட்டரை முதன்முதலில் 30 நிமிடத்துக்குள் ஓடிய தைஸ்தோ மாக்கியோடு 1940-இல் அமெரிக்கா போய் நிவாரண நிதி திரட்டினார். 1968-இல் இதயநோய் ஆராய்ச்சிக்கென்று தன் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார். அவருக்கே இதயநோய் இருந்தது.

குடும்பம்?

1932-இல் சில்வி லாக்சோனனைக் கல்யாணம் செய்துகொண்டார், 1935-இல் பிரிந்தார்கள். ஒரே மகன் மத்தி, அவரும் ஓட்டக்காரர்.

யாரிடமும் பேசவே மாட்டார் என்கிறார்களே, திமிரா?

திமிர் என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்குவார், வெற்றிக்குப் பிறகும் சிரிக்க மாட்டார். 70-ஆவது பிறந்தநாளுக்கு ஃபின்லாந்து வானொலி பேட்டி கேட்டபோது, கேள்வி கேட்கப் போவது நாட்டின் அதிபர் உர்ஹோ கெக்கோனன் என்று தெரிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். வயதான காலத்தில் ஓட்டப் புகழை அவர் பெரிதாக மதிக்கவில்லை. அறிவியலும் கலையும்தான் பெரிய வேலை என்று நினைத்தார். உலகமே கொண்டாடிவிட்டு, ஒரு கணக்குச் சீட்டைக் காட்டி வெளியே நிறுத்தியதைப் பார்த்த மனுஷன் வேறெப்படி நினைப்பார்?

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் தீபம்?

ஜூலை 19, மழை பெய்துகொண்டிருந்தது. தீபத்தோடு யார் வரப்போகிறார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தார்கள். 55 வயது நூர்மி அதே பழைய ஓட்ட நடையில் மைதானத்துக்குள் வந்ததும் கூட்டம் எழுந்து கத்தியது; வரிசையில் நின்ற பல நாட்டு வீரர்கள் வரிசையைக் கலைத்துக்கொண்டு ட்ராக் ஓரத்துக்கு ஓடினார்கள். கீழே இருந்த கொப்பரையை அவர் ஏற்றினார். அங்கிருந்து தீபம் கோபுரத்து உச்சிக்குப் போனது, அங்கே காத்திருந்து ஏற்றியவர் 62 வயது ஹான்னஸ் கோலேமைனன். விழாவில் எட்ஸ்ட்ரமும் இருந்தார், அப்போது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக.

இன்றைய ஓட்டக்காரர்களோடு ஒப்பிட்டால்?

நேரத்தை வைத்து ஒப்பிட்டால் நிற்க மாட்டார். அவருடைய 5,000 மீட்டர் 14 நிமிடம் 28.2, உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020-இல் ஓடியது 12 நிமிடம் 35.36. ஆனால் இவர் ஓடியது கரிச்சாம்பல் போட்ட ட்ராக்கில், தோல் காலணியில். 1,500 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் ஒரே சமயத்தில் உலகின் முதல் ஆளாக இருப்பது இன்று யாருக்கும் முடியாத காரியம். என்னைக் கேட்டால் அவரை அதில்தான் அளக்க வேண்டும்.

ஃபின்லாந்து போனால் அவரை எங்கே பார்க்கலாம்?

ஹெல்சின்கி ஒலிம்பிக் மைதானத்தின் முன்னால் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, ஓடுகிற நிலையில், உடுப்பில்லாமல். சிற்பி வைனோ ஆல்த்தோனன். 1925-இல், அதாவது நூர்மிக்கு 28 வயது இருக்கும்போதே, அரசாங்கம் செய்யச் சொன்னது. அதே அச்சில் வார்த்தவை துர்க்குவிலும், சுவிட்சர்லாந்தில் லோசான் நகர ஒலிம்பிக் அருங்காட்சியகத்திலும் உண்டு. 1961-இல் சுவீடன்காரர்கள் கடலடியில் 333 வருஷம் கிடந்த வாசா கப்பலை மேலே தூக்கியபோது அதில் ஒரு குட்டி நூர்மி சிலை இருந்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் முந்தின ராத்திரிகளில் கொண்டுபோய் வைத்த வேலை. 1932-க்கு அது ஒரு சின்னப் பதிலடி என்று நினைத்துச் சிரிக்காத ஃபின் இருக்க மாட்டார்.

யூரோ வருவதற்கு முன்னால் இருந்த 10 மார்க்கா நோட்டில் அவர் முகம் இருந்தது, பழைய நாணயக் கடைகளில் இன்னும் கிடைக்கும். ஓட்டம் பார்க்க ஆசையென்றால் ஜூன் மாதம் துர்க்குவுக்குப் போங்கள். 1957-இல் தொடங்கிய பாவோ நூர்மி விளையாட்டுப் போட்டி அங்கே, அவர் பிறந்த ஊரிலேயே, நடக்கிறது. உலகத் தர ஓட்டக்காரர்கள் அங்கே வந்து ஓடுகிறார்கள், வாங்க வேண்டிய காசை வெளிப்படையாகவே வாங்கிக்கொண்டு.